சிங்கத்துக்குப் புருவம் கெடையாது

திருநவேலி ஜில்லாவுல மனுசன் மூஞ்சிக்குக் கண்ணும் புருவமும் வரையிறதுல என்னைய மிஞ்ச இனிமேதான் ஒருத்தன் பொறந்து வரணும். ஒறங்குத கண்ணு, மொறைக்கிற கண்ணு, கடைக்கண்ணு, எது வேணும்னாலும் நம்மகிட்ட வாரும். அஞ்சு நிமிசத்துல போட்டுத் தாரேன்.

நம்பிட்டீரா? பொய்யிவே. என் ஆயுசுல ஒரே ஒரு தடவதான் கண்ணு வரைஞ்சேன். வெந்த முட்டைய ரெண்டா அறுத்து வச்ச மாதிரி இருந்துச்சு. அதுக்கு மேல புருவம்னு ஒண்ணு போட்டேன். எம்பொண்டாட்டி பாத்துட்டு, "இது என்ன, முட்டை திங்க ரெண்டு கம்பளிப்பூச்சி வருதா?"ன்னு கேட்டா. அன்னைக்கு பென்சில கீழ வச்சவன்தான்.

நமக்கு உள்ள சோலி பிளக்ஸ் கட்டுதது. கம்பு நட்டு, சட்டத்த தூக்கி நிறுத்தி, கட்டுக்கம்பி போட்டு முறுக்கணும். அதுக்குப் படிப்பு வேண்டாம், பயம் இல்லாம இருந்தாப் போதும். படிப்புன்னு பாத்தா, அஞ்சாங்கிளாஸோட நான் பள்ளிக்கூடத்த விடல, பள்ளிக்கூடம்தான் 'எங்கள விட்டுரு'ன்னு என்னையக் கும்பிட்டுச்சு. எழுத்துக் கூட்டுவேன். ஆனா நான் ஒரு பஸ்ஸு போர்ட கூட்டி முடிக்கதுக்குள்ள அந்தப் பஸ்ஸு தென்காசிக்குப் போயி திரும்பி வந்துரும்.

நெசமாவே கண்ணு வரைஞ்சது ஒரு அக்கா. வண்ணார்பேட்டையில ஒரு மாடியில பிளக்ஸ் கடை, அங்க கம்ப்யூட்டர்ல இருந்தா. பேரு சொல்ல மாட்டேன். சொன்னேன்னா அவ இப்ப இருக்கிற தூத்துக்குடியில இருந்து பஸ் ஏறி வந்து ஏசுவா. அவ ஏச்சு உமக்குத் தெரியாது. கடக்கரை ஊர்க்காரி, உவரிப் பக்கம். அவியளுக்கு அலைச் சத்தத்துக்கு மேல பேசிப் பேசி தொண்ட அப்படி ஆயிருக்கும். பைய ஒரு வார்த்த சொன்னான்னா கீழ பஸ்ஸுக்கு நிக்கவன் ரெண்டு பேரு அண்ணாந்து பாப்பான்.

சனங்க கொண்டு வார போட்டோவுல பாதிக்குமேல கண்ணு சரியா இருக்காது, கேட்டீரா. ஒண்ணு மூடியிருக்கும், இல்லன்னா வெயிலுக்குச் சுருங்கியிருக்கும், கல்யாணக் கூட்டத்துல எடுத்ததுன்னா பந்தியப் பாத்துக்கிட்டு இருக்கும். அதையெல்லாம் அழிச்சுட்டு புதுசா கண்ணும் புருவமும் வரைஞ்சு வைக்கது அக்கா சோலி. மூக்க தொட மாட்டா, வாய தொட மாட்டா. "மூக்கும் வாயும் வாடகைக்கு இருக்கிறவன்லே. புருவம்தான் வீட்டுக்காரன். வீட்டுக்காரன் என்ன நெனைக்கான்னு தெரிஞ்சுக்கிட்டாப் போதும்"பா.

அவகிட்ட ஒரு கிறுக்குக் கோட்டித்தனம் உண்டு. ஒரு மூஞ்சிக்குக் கண்ணு வரையணும்னா, மொதல்ல அந்தக் கண்ண தன் மூஞ்சியில கொண்டாந்துருவா. கோவக்கண்ணு போடுதான்னா இவ புருவம் ரெண்டும் நடுவுல வந்து ஆட்டுக்கிடா மாதிரி முட்டும், மூக்கு விடைக்கும். பயந்த கண்ணுன்னா புருவத்தோட உள்நுனி ரெண்டும் மேல ஏறி, நெத்தி சுருங்கி, பாக்குத நமக்கே 'யாருக்கு என்ன ஆச்சோ'ன்னு வீட்டுக்குப் போன் போடத் தோணும். தான் இப்படிச் செய்யுதோம்னு அவளுக்குத் தெரியவே தெரியாது. கை பாட்டுக்கு மவுஸ உருட்டும், மூஞ்சி பாட்டுக்குக் கூத்து நடத்தும்.

"அக்கா, எதுக்க ஒரு கண்ணாடி மாட்டிக்கிடேன்"னேன் ஒருநாள்.

"எதுக்குலே?"

"இவ்வளவு நல்ல கூத்த நாங்க மட்டும் பாக்கோமே, நீயும் பாக்காண்டாமா?"

கையில இருந்த ஸ்கேலு பறந்து வந்துச்சு. நான் குனிஞ்சுட்டேன். பொறத்தால நின்ன முதலாளிக்கு விழுந்துச்சு.

இந்தக் கூத்தால ஒரு ஆளு வாழ்க்கையே நாலு நாளைக்கு ஆடிப் போச்சு. எங்க கடைக்கு நேர எதுத்த மாடியில ஒரு ஜூஸ் கடை. அந்த அண்ணாச்சிக்கு அம்பது தாண்டியாச்சு, கல்யாணம் ஆவல. இங்கன சன்னல் ஓரத்துல அக்கா, அங்கன மிக்ஸி ஓரத்துல அண்ணாச்சி. ஒருநாள் ஒரு கல்யாணப் பொண்ணு போட்டோ வந்துச்சு. 'கண்ண சிமிட்டாதம்மா'ன்னு போட்டோக்காரன் சொல்லியிருப்பான் போல, அந்தப் பிள்ள கரண்டு அடிச்ச மாதிரி முழிச்சிக்கிட்டு நிக்கா. வெக்கம் வர வைக்கணும்னு பொண்ணு வீட்டுக்காரவ கேட்டுட்டுப் போயிட்டாவ.

அக்கா வெக்கத்த ஆரம்பிச்சா. புருவம் லேசா ஏறுது, கண்ணு கீழ எறங்குது, பெறவு பைய ஓரமா மேல வருது. ஓரமா வந்த எடத்துல யாரு இருக்கா? ஜூஸ் கடை அண்ணாச்சி. அரைமணி நேரம் இதே சோலி.

பதினோரு மணிக்கு எலுமிச்சம்பழ ஜூஸ் வந்துச்சு. "நாங்க சொல்லலையே"ன்னா அக்கா. "அண்ணாச்சி குடுத்து விட்டாவ"ன்னு வச்சுட்டுப் போயிட்டான் கடைக்காரப் பய. மறுநாள் மாதுளம்பழம். மூணாம் நாள் ஆப்பிள், மேல முந்திரிப்பருப்பு வேற. அண்ணாச்சி மீசை அன்னைக்குப் புதுக் கருப்பா இருந்துச்சு. எனக்கு எல்லாம் தெரியும். ஆனா சொல்லல. ஏன்னா பாதி ஜூஸ் எனக்குல்லா வருது.

நாலாம் நாள் கோயில் கொடைத் திருவிழாவுக்கு பிளக்ஸ் வந்துச்சு. சுடலமாடன் கண்ணு. அக்கா ஆரம்பிச்சா பாரும், புருவம் ரெண்டும் மேல போயி வளைஞ்சு நிக்கு, முழி வெளிய வருது, பல்லு வேற கடிக்கா. நேரா எதுத்த மாடியப் பாத்து! பத்தே நிமிசத்துல ஜூஸ் கடை ஷட்டரு பாதி எறங்கிட்டு. அண்ணாச்சி உள்ள குனிஞ்சு ஒளிஞ்சிக்கிட்டு எட்டிப் பாக்காரு.

மத்தியானம் அக்கா என்னையக் கேக்கா: "ஏலே, இன்னைக்கு என்னலே ஜூஸ் வரல?"

இன்னொரு நாள் வார்டு எலெக்சன்ல நிக்கப் போற ஒரு அண்ணாச்சி வந்தாரு. வெள்ள வேட்டி, கூட நாலு பேரு. "யம்மா, கண்ணு சிங்கம் மாதிரி இருக்கணும்"னாரு.

அக்கா திரும்பிக்கூடப் பாக்கல. "சிங்கத்துக்குப் புருவம் கெடையாது அண்ணாச்சி. ஒங்களுக்கு இருக்கு. எடுத்துரவா?"

மனுசன் ரெண்டு கையாலயும் புருவத்த பொத்திக்கிட்டாரு. கூட வந்தவன் ஒருத்தன் சிரிச்சிட்டான், அவன அந்தால கீழ அனுப்பிட்டாரு. அக்கா போட்டோவ உத்துப் பாத்துட்டுச் சொல்லுதா, "வாய் நல்லாச் சிரிக்கி. ஆனா புருவத்தப் பாத்தா செருப்பத் தொலச்ச ஆளு மாதிரில்லா இருக்கு?"

அவரு கிட்ட வந்து குனிஞ்சாரு. பெறவு பைய, "திருச்செந்தூர்ல கோயிலுக்கு வெளிய எடுத்ததும்மா. நெசமாவே செருப்பக் காணும் அன்னைக்கு"ன்னாரு.

அப்படிப் பாத்துருவா. அவகிட்ட நாம பொய் சொல்லிட்டு நிக்க முடியாது. நான் ஒரு தடவ காய்ச்சல்னு லீவு கேட்டேன். என் மூஞ்சியப் பாத்துட்டு, "எந்தத் தேட்டர்லே?"ன்னு கேட்டா.

நான் செஞ்ச கூத்த சொல்லாம விட்டா நியாயம் இல்ல. ஒருநாள் வண்டியில ரெண்டு பிளக்ஸ். ஒண்ணு கல்யாண மண்டபத்துக்கு, மாப்பிளையோட தாத்தா கும்பிட்டு வரவேற்கிற மாதிரி. ஒண்ணு சாவு வீட்டுக்கு. ரெண்டுலயும் ஒரு கெழவரு, ரெண்டு பேருக்கும் வழுக்கை. எழுத்துக் கூட்ட சோம்பல் பட்டு, சிரிக்கிறவரு கல்யாண வீட்டுக்காரருன்னு முடிவு கட்டிட்டேன். செத்தவரு நல்லா வாழ்ந்து சிரிச்சுச் செத்தவருன்னு எனக்கு எப்படித் தெரியும்? மண்டப வாசல்ல 'கண்ணீர் அஞ்சலி'க்குக் கீழ செத்தவரு சிரிச்சிக்கிட்டு வரவேற்காரு, வாரவன் பூராவும் கும்பிட்டுட்டு உள்ள போறான். இதாவது பரவால்ல. மாப்பிள தாத்தா அந்தச் சாவு வீட்டுக்குத் துக்கம் கேக்கப் போயிருக்காரு. வாசல்ல 'நல்வரவு'க்குக் கீழ அவரே கும்பிட்டுக்கிட்டு நிக்காரு.

என்னைய அடிக்க வந்தவங்கள அக்காதான் கத்தித் திருப்பி அனுப்புனா. பெறவு என்கிட்ட சொன்னா, "ஏலே, ஒனக்கு எழுத்து ஆவாது. இனிமே கண்ணப் பாத்துக் கட்டு. சாவு வீட்டுக் கண்ணு நேர கீழ நிக்கவனப் பாக்கும், புருவம் அசையாது. கல்யாண வீட்டுக் கண்ணு தூரத்துல ரோட்டப் பாக்கும், யாரு வாரான்னு புருவம் ஏறி நிக்கும். நான் அப்படித்தான் போடுவேன்." எனக்காகவே போட்டா. அதுக்குப் பெறவு நான் ஒண்ணு கூட மாத்திக் கட்டல.

ஒரேயொரு தடவ மட்டும் அவளே மாத்திப் போட்டா. அதச் சொல்லதுக்குத்தான் இவ்வளவு இழுத்தேன்.

ஒருநாள் காலையில கடை தொறக்கும்போதே ஒரு அம்மா அழுத கண்ணோட நிக்கா. அப்பா ராத்திரி தவறிட்டாராம். ஆத்துக்கு அந்தப் பக்கம், சேரன்மாதேவி போற வழியில ஊரு. பெரியவரு பஸ்ல டிக்கெட் செக்கரா இருந்தவரு. அந்த அம்மா கையில ஏழு போட்டோ. ஏழுலயும் பெரியவரு கண்ண மூடியிருக்காரு.

"போட்டோன்னாலே அப்பாவுக்குக் கண்ணு தானா மூடிரும்க்கா. ஓட்டுக் கார்டுல மட்டும் தொறந்திருக்கு. ஆனா அது அப்பா தானான்னு எங்களுக்கே சந்தேகம்."

"எப்படிப் போடணும்?"

"புலி மாதிரி போடுங்க. அப்பா மொறைச்சா தெருவே அடங்கும்."

அக்கா மவுஸ தொடல. "வீட்டுல வேற யாரு?"ன்னா.

"அம்மா. பெறவு தம்பி. துபாய்ல இருக்கான். சாயங்காலம் நாலு மணிக்கு வந்துருவான்." சொல்லும்போதே அந்த அம்மாவுக்கு ஒதடு கோணிட்டு. "வந்தும் என்னக்கா. ஆறு வருசத்துக்கு முன்ன அப்பாவுக்கும் அவனுக்கும் சண்ட. 'இந்த வாசப்படிய மிதிக்காத'ன்னு அப்பா சொல்லிட்டாவ. அதோட போனவன்தான். இப்ப போன்ல சொல்லுதான், நேரா ஆத்தங்கரைக்கு வந்து கொள்ளி வச்சிட்டு அப்படியே திரும்பிருவேன், அவரு மிதிக்காதன்னு சொன்ன வீட்டுக்கு அவரு செத்த பெறவு வந்தா அது ஏமாத்து வேலன்னு. அம்மா அதச் சொல்லித்தான் அழுவுதா. அப்பா போனதுக்குக்கூட அப்படி அழல."

"பிளக்ஸ் எங்க கட்டணும்?"

"ஊருக்குத் திரும்புத முக்குல. எடது பக்கம் ஆத்துக்குப் போவும், வலது பக்கம் எங்க தெரு."

"அப்போ ஒங்க தம்பி மொதல்ல பாக்கப் போறது இந்தக் கண்ணத்தான்"னா அக்கா. "புலியக் கட்டி வச்சா அவன் எந்தப் பக்கம் திரும்புவான்?"

அந்த அம்மா ஏழு போட்டோவையும் மேசையில வச்சுட்டா.

அக்கா என் பக்கம் திரும்புனா. "ஏலே, வண்டிய எடு. போயி பெரியவரு புருவத்தப் பாத்துட்டு வா."

"அக்கா, அவரு செத்துட்டாருக்கா."

"செத்தா புருவம் எங்கலே போயிரும்? எந்தப் புருவத்த ஆயுசு பூரா தூக்குனாரோ அந்தப் பக்க நெத்தியில கோடு கூடக் கெடக்கும். அதப் பாரு. போட்டோ எடுக்காத, மரியாத இல்ல. வீட்டுல பைய விசாரி, யாரும் பாக்கலன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கும்போது அவரு எப்படிப் பாப்பாருன்னு."

நான் எத்தனையோ வேல பாத்திருக்கேன். செத்தவரு புருவத்தக் கணக்கெடுக்கப் போனது அதுதான் மொதலு. வாசல்ல ஆம்பளைய நாற்காலி போட்டு இருக்காவ. நான் மூஞ்சிய தொங்கப் போட்டுக்கிட்டு நேரா உள்ள போயிட்டேன். ஐஸ் பெட்டியில வச்சிருக்காவ. கண்ணாடியில பூராவும் ஆவி. ஒண்ணும் தெரியல. தோள்ல கெடந்த துண்ட எடுத்து கண்ணாடியத் தொடச்சேன். குனிஞ்சு மூக்கு ஒட்டுத அளவுக்குப் பாத்தேன். என் மூச்சு பட்டு திரும்ப ஆவி. திரும்பத் தொடச்சேன்.

ஒரு வயசான அம்மா இதப் பாத்துட்டா. எழும்பி வந்து என் கழுத்தக் கட்டிக்கிட்டு, "எய்யா, மாமன் மேல இவ்வளவு பாசத்த எங்கய்யா வச்சிருந்த"ன்னு ஓன்னு கத்த ஆரம்பிச்சிட்டா. சுத்தியிருந்த பொம்பளைய எல்லாம் சேந்து ஒப்பாரி எடுத்தாவ. நான் யாருன்னு சொல்லவும் முடியல, சொல்லாம இருக்கவும் முடியல. வேற வழி? நானும் அழுதேன்வே. மொதல்ல சும்மாதான் அழுதேன். பெறவு எங்கப்பா செத்தது ஞாபகம் வந்து நெசமாவே அழுதுட்டேன். அழுதுக்கிட்டே ஒரு கண்ணால பெட்டிக்குள்ள பாத்தேன். இடது புருவத்துக்கு மேல மூணு கோடு. வலது பக்கம் ஒண்ணுதான்.

பெட்டிக்குப் பக்கத்துல இருந்த பெரியம்மா, செத்தவரு வீட்டுக்காரி, என் கையப் புடிச்சி உக்கார வச்சி, "நீ யாருய்யா? எங்க சொந்தத்துல ஒன்னைய நான் பாத்ததில்லையே"ன்னா.

அவகிட்ட பொய் சொல்ல வாய் வரல. "பிளக்ஸ் கடையில இருந்து வாரேன் பெரியம்மா. கண்ணு வரையணும். ஐயா யாருக்கும் தெரியாம எப்படிப் பாப்பாவ?"

ஏசப் போறான்னு நெனச்சேன். அவ பெட்டியப் பாத்துக்கிட்டே சொல்லுதா:

"அஞ்சேகால் பஸ்ஸு. ஆறு வருசமா. 'காத்து வாங்கப் போறேன்'னு முக்குக்குப் போயி நிப்பாவ. பஸ்ஸுல இருந்து ஒவ்வொருத்தனா எறங்க எறங்க இந்த ஒத்தப் புருவம் மட்டும் மேல போவும். கடைசி ஆளு எறங்குன பெறவு கீழ எறங்கும். தண்ணி எடுக்கப் போற சாக்குல எத்தன நாளு பாத்திருக்கேன். கேட்டா, 'ஒன் சோலியப் பாருட்டி'ம்பாவ." பெட்டி மேல கைய வச்சுக்கிட்டு, "அதப் போடச் சொல்லுய்யா. எம்பிள்ள வீட்டுக்கு வரணும்"ன்னா.

நான் பொறவாசல் பக்கம் போயி, முருங்க மரத்துக்குக் கீழ நின்னு அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். "செஞ்சு காட்டுலே"ன்னா. இடது புருவத்தத் தூக்குனேன்.

"ரெண்டும் போவுதுலே. எடது மட்டும்."

"போவ மாட்டேங்குக்கா."

"இப்ப காது ஆடுது. காதையால கேட்டேன்? பைய. வலத கையால அமுக்கிப் புடி. ம். கண்ணு தூரமா. பஸ்ஸு வருது, கதவு தொறக்கு, ஒருத்தன் எறங்குதான்... நீ எதுக்குலே பல்லக் காட்டுத? கண்டக்டரா நீ?"

போனுக்குள்ள அவ மூஞ்சியிலயும் அதே ஒத்தப் புருவம் ஏறி நிக்கு. நானும் அவளும் ஒருத்தர ஒருத்தரு புருவத்தத் தூக்கிப் பாத்துக்கிட்டு இருக்கோம். அந்த நேரத்துல பாத்து வந்தா மக, புலி கேட்ட அம்மா. நமக்குப் பெறவு ஆட்டோவுல வந்து சேந்திருக்கா. சாவு வீட்டுக் கொல்லையில ஒருத்தன் நின்னு போனப் பாத்து புருவத்த ஆட்டுதான்னா யாருக்குத்தான் கோவம் வராது? "என்னய்யா செய்யுத நீ?"ன்னு கைய ஓங்கிட்டு வந்தவ, என் மூஞ்சியப் பாத்ததும் நின்னுட்டா. ஓங்குன கை அப்படியே நிக்கு.

"அப்பா முக்குல இப்படித்தான் நிப்பாவ"ன்னா. "வெயில் கூச்சம்னுல்லா நான் நெனச்சேன்."

போனுக்குள்ள இருந்து அக்கா, "போதும்லே, கெடச்சிட்டு. கைய எடு, புருவம் சுளுக்கிரப் போவுது"ன்னு கட் பண்ணிட்டா.

மூணரைக்கு பிளக்ஸ் வந்து எறங்குச்சு. விரிச்சுப் பாத்தேன். எனக்குப் பக்குன்னு ஆயிட்டு. ரோட்டப் பாக்குத கண்ணு. ஒத்தப் புருவம் ஏறி நிக்கு. இது கல்யாண வீட்டுக் கண்ணுல்லா? போனப் போட்டேன். "அக்கா, மாத்திப் போட்டுட்டியோ?"

"வாய மூடிக்கிட்டு கட்டுலே. பஸ் நிக்கிற பக்கம் பாத்துக் கட்டு."

கம்பு மேல ஏறி கடைசி முறுக்கு முறுக்கிக்கிட்டு இருக்கேன், திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுல இருந்து ஒரு வெள்ளக் காரு. எடது பக்கம் சிக்னல் போட்டுக்கிட்டு வந்தது, முக்குல நின்னுட்டு. ஒரு பையன் எறங்குனான். முப்பது வயசு இருக்கும். எறங்கி, கார்க் கதவப் புடிச்சிக்கிட்டே அண்ணாந்து பாக்கான். எனக்கு அவன் மூஞ்சியப் பாக்க தைரியம் இல்ல. கட்டுன முடிச்சையே அவுத்து திரும்பக் கட்டுதேன்.

"அண்ணே, இது எப்ப எடுத்த போட்டோ?"

சாதாரணமா என் வாயில பொய்யி வரிசையில நிக்கும். அன்னைக்கு ஒண்ணுகூட முன்னால வரல. "போட்டோ இல்ல தம்பி. ஒங்கம்மா சொன்னாவ, கடையில வரைஞ்சாவ."

"எங்கப்பா என்னைய ஒருநாளும் இப்படிப் பாத்ததில்லண்ணே."

"நீங்க பஸ்ஸ விட்டு எறங்குததுக்கு முந்தி பாத்திருப்பாரு தம்பி. எறங்குனதும் மூஞ்சிய மாத்திருப்பாரு. ஆறு வருசமா அஞ்சேகால் பஸ்ஸுக்கு தெனமும் இங்கனதான் நின்னாராம்."

கொஞ்ச நேரத்துல டிரைவரு, "சார், ஆத்தங்கரை எடது பக்கம்தான? போலாமா?"ன்னு கேக்காரு. நான் பைய குனிஞ்சு பாத்தா, அவன் வலது பக்கம் தெருவுக்குள்ள நடந்து போயிக்கிட்டு இருக்கான். கார்க் கதவு தொறந்து கெடக்கு.

"இவரு எங்க போறாரு?"ன்னு டிரைவர் என்னைய கேக்காரு.

"வீட்டுக்குவே. அவரு சூட்கேஸ எடுத்துக்கிட்டு பொறத்தால போரும்."

கம்பு மேல இருந்தே அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, வீட்டுக்குப் போயிட்டான்க்கா!"

அவ்வளவு பெரிய தொண்டக்காரி, ரகசியம் மாதிரி பைய பேசுதா. "அவன் புருவம் எப்படி இருந்துச்சு?"

"நான் எங்கக்கா பாத்தேன். முடிச்சப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"கூமுட்ட! முக்கியமானத விட்டுட்டு வந்து நிக்கியே. போயி பாத்துட்டு வாலே. அது தெரியாம எனக்கு இனி வேல ஓடாது."

திரும்பவும் போனேன்வே அந்த வீட்டுக்கு. கழுத்தக் கட்டுன அம்மா இருக்காளான்னு பாத்துட்டு, அவளுக்குத் தெரியாம வாசல் ஓரமா நின்னு எட்டிப் பாத்தேன். பெட்டியத் தொறந்து விட்டிருக்காவ. பெரியம்மா அவன் முதுகுல கைய வச்சிருக்கா. அவன் அவங்கப்பா தலமாட்டுல முட்டுக் குத்தி, அந்த மூணு கோட்டையும் கட்ட விரலால பைய தடவுதான். தடவிக்கிட்டே, யாரோ வாசல்ல நிக்காவன்னு நிமிந்து என்னையப் பாத்தான். பாக்கும்போது அவனுக்கு அந்த இடது புருவம் மட்டும் பைய மேல...

"ஏ மூதி! இங்கன நின்னு யாருகிட்ட கதை அளக்க? மண்டபத்துல பொண்ணு மாப்பிள வந்து எறங்கியாச்சாம், பிளக்ஸு இன்னும் வண்டியில சுருட்டிக் கெடக்கு!"

முதலாளிவே. இந்தா வந்துட்டேன் அண்ணாச்சி! ஒரு நிமிசம், இவருகிட்ட ஒரே ஒரு வார்த்த... இல்ல இல்ல, கல்ல கீழ போடும். வந்துட்டேன்.